மூன்றாம் கிடங்கின் பின்சுவர்

என் அக்கா வீட்டுக்காரருக்கு மூக்கர் என்று பெயர் வைத்தவர்கள் மூட்டை தூக்குகிறவர்கள். அவர் மூக்கு ஒன்றும் பெரிதல்ல, முகத்துக்கு அளவாகத்தான் இருக்கும். ஆனால் அது பதினோரு பேர் உயிரைக் காப்பாற்றிய மூக்கு. அந்தக் கதையைக் கேட்டாலே இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இருந்தாலும் அங்கேயிருந்துதான் தொடங்க வேண்டும்.

அத்தானுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தானியக் கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். மொத்தம் ஆறு கிடங்குகள். ஒவ்வொன்றிலும் அரிசி மூட்டைகளை மூன்று ஆள் உயரத்துக்கு அடுக்கியிருப்பார்கள்; அதற்கு அட்டி என்று பெயர். வண்டு விழாமலிருக்க அட்டியைத் தடித்த பிளாஸ்டிக் உறையால் மூடி, உள்ளே மாத்திரைகளை வைத்து, உறையின் ஓரம் முழுக்க மணல் பைகளை நெருக்கி வைத்து அடைத்துவிடுவார்கள். மாத்திரை காற்றின் ஈரம் பட்டு விஷவாயுவாக மாறும். ஒரு நாள் உறையை எடுத்தாயிற்று, காற்றாடிவிட்டது என்று சொல்லி பதினோரு பேரை அட்டிமேல் ஏற்றிவிட்டார்கள். ஏணியடியில் நின்ற அத்தான் இரண்டு தடவை மூக்கை உறிஞ்சிவிட்டு, "எல்லாரும் இறங்குங்க, பூண்டு நாத்தம் வருது" என்றார். மேஸ்திரி கெட்ட வார்த்தையில் திட்டினார். அத்தான் காதில் போட்டுக்கொள்ளாமல் ஏணியைப் பிடித்து ஆட்டிக்கொண்டே நின்றாராம், கடைசி ஆள் இறங்கும்வரை. பிறகு வாயுவை அளக்கும் மீட்டரைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தபோது அது விடாமல் கத்தியது.

அந்த மாதமே அவரை வாயு வேலைக்கு மாற்றினார்கள். பின்பக்கத்தில் இரண்டறை வீடு ஒன்றையும் கொடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்து மீட்டர் கீழே விழுந்து உடைந்தபோது மேலாளர் புதிதாகக் கேட்டு எழுதினார், வரவில்லை, பிறகு எழுதவுமில்லை. மூக்கர் இருக்கும்போது மீட்டர் எதற்கு என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். எங்காவது விருந்து என்றால், "மூக்கருக்கு இந்நேரம் மூக்கு வேர்த்திருக்கும்" என்று மேஸ்திரி கேலி செய்வார். அத்தானுக்கு அந்தக் கேலி பிடிக்கும்.

அக்கா கல்யாணமாகி வந்தது அந்த வீட்டுக்குத்தான். சமையலறையின் பின்சுவரும் மூன்றாம் கிடங்கின் பின்சுவரும் ஒன்றே. மூன்றில் மாத்திரை வைத்தால் ஏழு நாள் அந்த வீட்டில் ஆள் இருக்கக் கூடாது என்பது சட்டம். முதல் வருடம் அக்கா ஏழு நாளும் துணிப்பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அடுத்த வருடம் மூன்று நாள். மகள் பிறந்த பிறகு பெட்டி கட்டுவதே பெரும்பாடு என்று வருவதை நிறுத்திவிட்டாள். லேசாகத் தலைவலி வரும், ஜன்னலைத் திறந்து வைப்பாள், போய்விடும். "ஆரம்பத்துல நாத்தம் குடலைப் புரட்டும். இப்போ எனக்கு ஒண்ணுமே தெரியல, பழகிடுச்சு" என்று பெருமையாகவே சொல்வாள்.

அப்பா போன பிறகு அத்தான்தான் எனக்கும் கிடங்கில் வேலை வாங்கித் தந்தார். சல்லடை வேலை. உறையை எடுத்த பிறகு கூர்முனை இரும்புக் குழாயால் மூட்டைகளைக் குத்தி அரிசி எடுத்து, சலித்து, கீழே விழுவதை எண்ணி எழுத வேண்டும். தாளில் இரண்டு கட்டம் இருக்கும்: செத்த வண்டு, உயிருள்ள வண்டு. கிடங்கு வாசலுக்கு எதிரே ஓர் அறையில் தனியாக இருந்தேன். கல்யாணம் பேசி வந்தவர்களிடம் என் வாய் கொஞ்சம் நீளம் என்று அக்காவே முன்கூட்டிச் சொல்லிவிடுவாள். அவர்கள் காபி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இனி எங்கள் குற்றத்தைச் சொல்கிறேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

வண்டு சீக்கிரம் செத்துவிடும். ஆனால் அரிசிக்குள் இருக்கும் முட்டையும் கூட்டுப்புழுவும் சாக ஏழு நாள் வேண்டும். உறை மூடியிருக்கும் ஏழு நாளும் அந்தக் கிடங்கில் மூட்டைக்காரர்களுக்கு வேலை கிடையாது. ஐந்தாம் நாள் அவர்கள் அத்தானிடம் வந்து நிற்பார்கள். "அண்ணே, வீட்டுல அடுப்பு எரியணும்ணே" என்பார்கள். தானும் மூட்டை தூக்கியவர்தானே, அவருக்கு மனசு கேட்காது. மணல் பைகளை நகர்த்தி, மூக்கால் சோதித்து, உறையை எடுத்துவிடுவார். தரையைப் பெருக்கினால் கறுப்பாக ஒரு குவியல் செத்த வண்டு கிடைக்கும். அதை ஒரு காகிதத்தில் அள்ளிக்கொண்டு போய் மேலாளருக்குக் காட்டுவார். மேலாளர் கையெழுத்துப் போடுவார். இத்தனை செத்திருக்கிறது என்றால் வேலை நன்றாக நடந்திருக்கிறது என்று எல்லோருக்கும் திருப்தி.

பிழைத்ததைப் பார்க்க வேண்டியவள் நான். சல்லடையை ஆட்டினால் தட்டில் செத்தவற்றுக்கு நடுவே ஒன்று நடக்கும். சில நாள் இரண்டு. "எத்தனை?" என்று அத்தான் கேட்பார். இரண்டு என்று எழுதினால் மறுபடி உறை மூட வேண்டும், அத்தனை பேருக்கும் மறுபடி வேலையில்லை, ஐந்தாம் நாளே எடுத்தது ஏன் என்ற கேள்வி அத்தான்மேல் வரும். அந்த இரண்டையும் நகத்தால் நசுக்கிவிட்டு, "இல்லை அத்தான்" என்பேன். தாளிலும் அப்படியே எழுதுவேன். என் தட்டில் இருந்தவற்றைத்தான் நசுக்கினேன். அட்டிக்குள் இருந்தவற்றை யார் நசுக்குவது என்று பதினோரு வருடம் நான் யோசிக்கவில்லை.

போன வருடம் மூன்றாம் கிடங்கில் தட்டின் கணக்கு மாறியது. ஐந்து நடந்தன, ஒன்பது நடந்தன. அத்தானே பயந்து ஏழு நாளும் உறையை மூடி வைத்தார். ஏழாம் நாள் எடுத்தபோதும் நடந்தன. சாக்குத் தையலில் வரிசையாக ஏறின. சுவரில் ஏறின. பின்சுவர் விரிசல் வழியாக அக்காவின் சமையலறைக்கு வந்து அரிசி டப்பாவில் இறங்கின. அட்டியில் காதை வைத்தால் உள்ளே மெல்லியதாக ஒரு அரவம் கேட்கும், அரிசியை அரிக்கும் சத்தம். மத்தியானத்தில் மூட்டைக்காரர்கள் படுத்துத் தூங்கும்போது அந்தச் சத்தம் நன்றாகவே கேட்கும். மேஸ்திரி படுக்கையை நான்காம் கிடங்குக்கு மாற்றிக்கொண்டார்.

ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவராக இருப்பார், கைப்பை நிறையக் கண்ணாடிப் புட்டிகள். ஒரு புட்டியில் அவர்கள் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வண்டுகள், வாயு என்பதையே பார்க்காத பரம்பரை. இன்னொன்றில் எங்கள் மூன்றாம் கிடங்கு வண்டுகள். இரண்டிலும் ஒரே அளவு வாயுவைச் செலுத்தி மேஜைமேல் வைத்தார். பத்து நிமிடத்தில் அவர் வண்டுகள் மல்லாந்து விழுந்து காலை உதைத்தன, பிறகு அதுவும் நின்றது. எங்களுடையவை கண்ணாடியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. டீ வந்தது, குடித்தோம். மேலாளர் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். அப்போதும் அவை நடந்துகொண்டிருந்தன.

"பூச்சிக்கு மருந்து பழகிடுச்சு, அதானே?" என்று மேலாளர் கேட்டார்.

"பழகல சார்" என்றார் அந்த அம்மா. "எந்த வண்டும் எதையும் கத்துக்கல. லட்சம் வண்டு இருந்தா அதுல ஒண்ணு ரெண்டு பிறவியிலயே கொஞ்சம் வேற மாதிரி இருக்கும். வாயுவைத் தாங்கும். சும்மா விட்டிருந்தா அதுங்க கூட்டத்தோட கூட்டமா கிடந்திருக்கும். நீங்க மத்த எல்லாத்தையும் கொன்னு, அந்த ஒண்ணு ரெண்டுக்கு மட்டும் கிடங்கையே எழுதிக் கொடுத்துட்டீங்க. அதுங்க பெத்த பிள்ளைங்கதான் இது. வெயில் காலத்துல மாசத்துக்கு ஒரு தலைமுறை. எத்தனை வருஷமா முழு நாள் வைக்காம எடுக்குறீங்க?"

அத்தான் தரையைப் பார்த்தார். நான் என் நகத்தைப் பார்த்தேன். பதினோரு வருடத்துக்கு நூறு தலைமுறை என்று மனம் கணக்குப் போட்டது.

அந்த அம்மா ஜன்னல் கட்டையை விரலால் தடவிப் பார்த்தார். "இங்க எறும்பளவுல ஒரு குளவி இருக்குமே, பார்த்ததில்லையா?" பார்த்திருக்கிறேன். நான் வேலைக்கு வந்த புதிதில் அந்தக் கட்டை முழுக்க அவை ஊர்ந்துகொண்டிருக்கும். கையில் ஏறினாலும் கொட்டாது. அது வண்டின் புழுமேல் முட்டையிடும், அதன் குஞ்சு புழுவைத் தின்றே வளரும் என்று அவர் சொல்லித்தான் தெரியும். "வாயுல அதுதான் முதல்ல போகும். வண்டைத் தின்னவும் இப்போ யாரும் இல்லை" என்றார்.

கிளம்பும் முன்பு, "உங்க மீட்டர் எங்க?" என்று கேட்டார். மேஸ்திரி அத்தானின் மூக்கைக் காட்டினார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. தன்னுடைய மீட்டரைப் பையிலிருந்து எடுத்து அத்தான் கையில் கொடுத்தார். கிடங்கைக் காலி செய்து, கழுவி, மூன்று மாதம் வெறுமனே போட்டு வையுங்கள், எக்காரணம் கொண்டும் மாத்திரையைக் கூட்டாதீர்கள், பின்சுவரில் விரிசல் இருக்கிறது என்று எழுதியும் கொடுத்தார்.

மேலாளர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "மழை வரப்போகுது, துறைமுகத்துலேருந்து சரக்கு வருது. காலி பண்ணி எங்க தலையிலயா வெச்சுக்கறது? மூக்கர், ரெண்டு மடங்கா போடுங்க. பத்து நாள் மூடி வைங்க."

மீட்டரை அத்தான் என் மேஜை இழுப்பறையில் கொண்டுவந்து போட்டார். "இந்தப் பீப்பீ எனக்கெதுக்கு? நேத்து வந்த பொண்ணு எனக்கு வாசனை பார்க்கச் சொல்லித் தருது" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. மீட்டரை எடுத்து அவர் கையில் மறுபடி திணித்திருக்க வேண்டும். ஆனால் அவர் மூக்கைப் பற்றி ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவள் நான்தான். இழுப்பறையை மூடினேன்.

இரண்டு மடங்கு என்பதால் இந்தத் தடவை அக்காவையும் மகளையும் என் அறைக்கு அனுப்பினார். பத்துக்குப் பத்து அறையில் மூன்று பேர். அக்கா சும்மா இருக்க மாட்டாள். என் பாத்திரங்களை இறக்கிக் கழுவி வேறு வரிசையில் அடுக்கினாள். துணியை மடித்து இடம் மாற்றினாள். நான்காம் நாள் காலை டீத்தூள் டப்பாவைத் தேடித் தேடி எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.

"உன் வீட்டுல போய் உன் இஷ்டத்துக்கு அடுக்குக்கா. இது என் இடம்" என்று கத்தினேன்.

அக்கா தன் மகள் குட்டிக்குத் தலை வாரி, பள்ளிக்கு அனுப்பினாள். அத்தான் வந்ததும், "என்னங்க, வீடு எப்படி இருக்கு? அரிசி டப்பாவுல வண்டு ஏறிக்கிட்டே இருந்துச்சு, அப்படியே விட்டுட்டு வந்துட்டேன். போய்ச் சுத்தம் பண்ணவா?" என்று கேட்டாள். அத்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். முன்னறையில் நின்று முகர்ந்தாராம், சமையலறையில் நின்று முகர்ந்தாராம். "ஒண்ணுமில்ல, சுத்தமா இருக்கு. ஜன்னலைத் திறந்து வெச்சுட்டுப் பண்ணு" என்றார்.

"ஆறு நாள் இன்னும் இருக்கே" என்றேன் நான். கோபம் தணியாத குரலில் சொன்னேன், அதனால் அதுவும் சண்டைபோலவே கேட்டிருக்கும்.

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டே சிரித்தாள். "அந்தத் தம்மாத்தூண்டு பூச்சிக்கே பழகிடுச்சாம். பதிமூணு வருஷமா அங்க சமைக்கிறேன், எனக்குப் பழகாதா? நீ உன் டீத்தூளைத் தேடு."

அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது.

ஒன்பதரைக்கு மழை பிடித்துக்கொண்டது. சாரல் உள்ளே அடித்திருக்க வேண்டும், ஜன்னலைச் சாத்தியிருக்கிறாள். பதினொரு மணிக்கு நான் ஒரு தாளில் கையெழுத்து வாங்கப் பின்பக்கமாகப் போனேன். அந்த வீட்டைத் தாண்டும்போது பூண்டு வதக்குகிற வாசனை வந்தது. சமைக்கிறாள், கோபம் போய்விட்டது, மத்தியானம் எனக்கும் சேர்த்துக் கொண்டுவருவாள் என்று நினைத்தேன். எனக்குப் பசிகூட எடுத்தது. அப்படியே நடந்து போனேன்.

சாப்பாட்டு மணி அடித்தும் அவள் வரவில்லை. என் இருக்கைக்குத் திரும்பி உட்கார்ந்த பிறகுதான், சமைக்க அந்த வீட்டில் ஒன்றுமில்லை, பூண்டு என் அறையில் இருக்கிறது என்பது உறைத்தது. இழுப்பறையிலிருந்து மீட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. திறந்த உடனே மீட்டர் கத்தத் தொடங்கியது. முன்னறையில் கத்தியது, சமையலறை வாசலில் இன்னும் வேகமாகக் கத்தியது. மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், தலை தோளில் சரிந்திருந்தது. பக்கத்தில் வாந்தி. மடிக்கு முன்னால் முறத்தில் அரிசி பரப்பியிருந்தது. அந்த அரிசியில் வண்டுகள் நடந்துகொண்டிருந்தன. விரிசலிலிருந்து வரிசையாக இறங்கி, அவள் முழங்காலைச் சுற்றிக்கொண்டு முறத்துக்குப் போய்க்கொண்டிருந்தன.

இழுத்து வெளியே போட்டேன். மேஸ்திரியும் ஆட்களும் ஓடி வந்தார்கள். அத்தான் கடைசியாக வந்தார். மழையில் அவளைக் கிடத்தியிருந்த இடத்தைத் தாண்டி நேரே வீட்டுக்குள் போய், நடுவில் நின்று முகர்ந்தார். திரும்பத் திரும்ப முகர்ந்தார். என் கையில் மீட்டர் கத்திக்கொண்டேயிருந்தது. "எனக்கு ஒண்ணும் வரலையே" என்றார். "எனக்கு ஒண்ணுமே வரலையே." இரண்டு பேர் உள்ளே போய் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அவர் மூக்கு எப்போது செத்தது என்று எங்களுக்குத் தெரியாது. பத்து வருடத்துக்கு முன்பா, போன வருடமா? யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. தினமும் அந்த வாசனையில் நின்றவர், கொஞ்சம் கொஞ்சமாக வாசனை குறைவதை வாயு குறைவதாகவே எடுத்துக்கொண்டார். அந்த அம்மா சொன்னது எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. பழகியது நாங்கள். வண்டுகள் எதற்கும் பழகவில்லை. தாங்காதவை செத்துப்போயின, அவ்வளவுதான்.

பத்தாம் நாள் உறையை எடுக்க வேறு ஆள் வரவிருந்தார். நானே எடுக்கிறேன் என்று அத்தான் பிடிவாதம் பிடித்தார். முகமூடியும் மீட்டருமாக எடுத்தார். தரையில் முன்பைவிடப் பெரிய குவியல் இருந்தது. அதை அவர் காகிதத்தில் அள்ளவில்லை. என்னைக் குத்தச் சொன்னார். நடு அட்டியிலிருந்து ஒரு கிலோ எடுத்துச் சலித்தேன்.

"எத்தனை?" என்று கேட்டார்.

வழக்கமாகச் சொல்வது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எண்ணினேன்.

"பத்தொன்பது, அத்தான்."

அவர் மூட்டைமேல் உட்கார்ந்தார். தட்டையே பார்த்தார். "இதுங்க பத்து நாள் உள்ள இருந்திருக்கு" என்றார். "அவளுக்கு மூணு மணி நேரம்."

பத்தொன்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேலாளர் அதைப் படித்தார், மடித்து அதே சட்டைப் பையில் வைத்தார். துறைமுகச் சரக்குக்கு இடம் வேண்டுமே. இரண்டு நாளில் மூன்றாம் கிடங்கு மூட்டைகள் லாரியில் ஏறின. எத்தனை ஊர்களுக்குப் போயின என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டேன், யாரும் சொல்லவில்லை. ஆராய்ச்சி நிலையத்துக்கு எழுதினேன். அந்த அம்மாவிடமிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது, ஆழ்ந்த இரங்கல் என்று ஒரு வரி, எந்தெந்த ஊர் என்று தெரிந்தால் உடனே சொல்லுங்கள் என்று இன்னொரு வரி.

அத்தான் இப்போது வாசலில் காவல் வேலை பார்க்கிறார். அவரும் குட்டியும் நானுமாக என் பழைய அறைக்குப் பக்கத்தில் கொஞ்சம் பெரிய வீட்டில் இருக்கிறோம். எந்தக் கதவைத் திறந்தாலும் முதலில் மகளை நிறுத்தி, "குட்டி, ஏதாச்சும் வாசனை வருதா?" என்று கேட்கிறார். அவள் முகர்ந்துவிட்டுச் சொல்கிறாள். மேஸ்திரி இப்போது அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்.

போன வாரம் ஊரின் மறுகோடியில், கிடங்குக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கடையில் அரிசி வாங்கி வந்தேன். முறத்தில் கொட்டிப் பரப்பினேன். குட்டி பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அரிசிக்கு நடுவிலிருந்து ஒன்று வெளியே வந்து, முறத்தின் விளிம்பை நோக்கி நிதானமாக நடந்தது. என் விரல் தானாக நசுக்கப் போனது.

"வண்டு இருக்கா சித்தி?" என்று குட்டி தலை நிமிராமல் கேட்டாள்.

விரலை எடுத்துக்கொண்டேன்.

"இருக்கு" என்றேன். "புட்டி ஒண்ணு எடுத்துட்டு வா, ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பணும்."